ஜனாதிபதியிடம் கேட்கக்கூடாத கேள்வி

பொய் சொல்லி வெளியே போகப் பார்ப்பவர்களை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். பொய் சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டவன் தன்னூஸ் ஒருவன்தான்.

ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. கார் சாவியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி காவல் நிலையத்துக்குள் போய், "நேத்து பாலத்துக்கிட்ட மில்ஹிமை இடிச்சிட்டு நிக்காம போனது நான்தான்" என்று சொல்லிவிட்டு, உட்கார நாற்காலி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். மில்ஹிம், வீடு வீடாக காஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுகிறவன். கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடித்தவர் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. விழும்போது வானத்தைத்தான் பார்த்தானாம்.

நான் விசாரணை நீதிபதியின் எழுத்தர். பெயர் நஜ்வா. பெய்ரூத்துக்கு மேலே மலையில் இருக்கிறது எங்கள் நீதிமன்றம். கம்ப்யூட்டர் இருக்கிறது, அதற்கு மின்சாரம் கிடையாது. அதனால் கேள்வி, பதில், இருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் கையால்தான் எழுதுகிறேன். பேனா என்னுடையது. சில வாரம் தாளும் என்னுடையதுதான். நீதிபதி ரயீஃப் நல்ல மனிதர், பயந்த சுபாவம். சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டே விசாரிப்பார், வயிற்றுப் புண். ஒரு விதியை மீறுவதற்குப் பதிலாக அந்தப் புண்ணோடேயே இன்னும் பத்து வருடம் இருந்துவிட்டுப் போவார்.

தன்னூஸை எதிரே உட்கார வைத்துக் கேட்டார்.

"எத்தன மணிக்கு நடந்துச்சு?"

"மூணரை இருக்கும் ஐயா."

"எங்க போயிட்டிருந்த?"

"சும்மா ஒரு சுத்து."

"வீட்ல அவ்வளவு பெரிய விருந்து நடக்குது. நீ உன் முதலாளி பெக்கோட கார எடுத்துக்கிட்டு சும்மா ஒரு சுத்து போன?"

"காத்து வாங்கலாம்னு."

"வண்டில ஐஸ் எதுக்கு?"

தன்னூஸ் முழித்தான். "ஐஸா? என்ன ஐஸ்?"

நீதிபதி என்னைப் பார்த்தார். நான் குனிந்து 'என்ன ஐஸ்' என்று எழுதினேன். இடித்த இடத்தில் ஒரு முகப்பு விளக்கின் கண்ணாடித் துண்டுகளும், வெடித்துச் சிதறிய ஒரு பை ஐஸ் கட்டியும் கிடந்தன என்று போலீஸ்காரர் அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தார். கூரை திறந்த பழைய கார் அது. இடித்த வேகத்தில் பை வெளியே பறந்திருக்கிறது. மலை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கார் ஒன்றுதான் உண்டு. அது இஸ்கந்தர் பெக்குடையது; பெக் என்பது எங்கள் மலையில் பழைய ஜமீன் குடும்பத்துப் பட்டம். தன்னூஸ் அவருடைய டிரைவர்.

தன்னூஸின் அப்பா பெக்கின் அப்பாவுக்கு வண்டி ஓட்டியவர். பெக்குக்கு ஏதாவது சிக்கல் வந்தால் வீட்டு ஆள் ஒருவன் பழியை ஏற்றுக்கொண்டு போய் நிற்பான். இரண்டு நாளில் பெக் யாருக்கோ ஒரு போன் போடுவார். ஆள் வீடு திரும்பிவிடுவான். பிறகு அவன் பிள்ளைக்கு எங்காவது ஒரு வேலை கிடைக்கும். இதை யாரும் எந்தத் தாளிலும் எழுதி வைத்ததில்லை. தன்னூஸும் மாற்றுச் சட்டை ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத் தாளில் மட்டும்தான் இல்லை. நாட்டுக்கு இருபத்தாறு மாதமாக ஜனாதிபதி கிடையாது. நாடாளுமன்றம் பன்னிரண்டு தடவை கூடியது. பன்னிரண்டு தடவையும் வெற்றுச் சீட்டுகளை உரக்க வாசித்துவிட்டுக் கலைந்தது. ஒருவர் தன் மாமியார் பெயரை எழுதிப் போட்டார் என்று சொல்வார்கள். கடைசியில், யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, ஆனால் யாருக்கும் பெரிதாக வெறுப்பும் இல்லாத ஓர் ஆளைத் தேடி ஏழு எம்.பி.க்கள் இஸ்கந்தர் பெக் வீட்டுக்கு ஆட்டுக்கறி சாப்பிட வந்தார்கள். நடுவில் 'அரக்' சாராயத்துக்கு ஐஸ் தீர்ந்துபோனது. வேலைக்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறை. தன்னூஸோ அடுப்பில் நிற்கிறான். பெக் எழுந்து, "நானே போயி வாங்கிட்டு வரேன், இதுல என்ன இருக்கு" என்றாராம். ஏழு எம்.பி.க்களும் அவருடைய எளிமையைப் பார்த்து உருகிப்போனார்களாம்.

நீதிபதி ரயீஃப் ஏழு பேருக்கும் கடிதம் எழுதினார். ஏழு பேரும் ஒரே பதில் அனுப்பினார்கள்: மூன்றரை மணிக்கு முகம் கழுவப் போயிருந்தேன், எதையும் கவனிக்கவில்லை. பெக் வீட்டில் இருப்பது ஒரே ஒரு குழாய். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் சட்டம் தைரியமாகக் கை வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று தன்னூஸ், இன்னொன்று அந்த ஆடு.

மிச்சம் இருந்தது பெக். அவரையே சந்தேக நபராக அழைத்துவிடுவது என்று நீதிபதி முடிவு செய்தபோது எனக்கு அவர்மேல் முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்று சம்மன் அனுப்பினோம். பத்து மணிக்கு பெக் வரவில்லை. அவருக்கு ஜலதோஷம் என்று வக்கீலிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. பதினோரு மணிக்கு நாடாளுமன்றம் பதின்மூன்றாவது தடவையாகக் கூடியது. நடைபாதையில் காவலர்கள் ஒரு சின்ன டி.வி.யை பேட்டரியில் ஓடவிட்டிருந்தார்கள். சபாநாயகர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். இஸ்கந்தர். இஸ்கந்தர். வெற்றுச் சீட்டு. இஸ்கந்தர். நீதிபதி சோம்புத் தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினார். பன்னிரண்டே முக்காலுக்கு பெக் சத்தியப் பிரமாணம் எடுத்தார். ஜலதோஷம் போயிருந்தது. குரல் கணீரென்று இருந்தது.

வெளியே வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டுக் கொண்டாடினார்கள். நான் மேசை மேல் இருந்த சம்மன் நகலை எடுத்துக் கோப்பின் கடைசித் தாளாக வைத்தேன். காலையில் சந்தேக நபர், மதியச் சாப்பாட்டுக்குள் நாட்டுத் தலைவர்.

அதற்கப்புறம் நான்கு நாள் நீதிபதி சட்டப் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். அவருக்கே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்க்கவேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"பதவியில இருக்கிற ஜனாதிபதிய நான் சந்தேக நபரா விசாரிக்க முடியாது நஜ்வா. அவரு மேல குத்தம் சாட்டணும்னா நாடாளுமன்றம் சாட்டணும். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்."

"ஒரு ஆளத் தேர்ந்தெடுக்கவே இருபத்தாறு மாசம் எடுத்துக்கிட்டவங்க."

"அதான். ஆனா சாட்சியா விசாரிக்கலாம். நானும் எழுத்தரும் மாளிகைக்கே போயி கேட்டுட்டு வரலாம்னு ஒரு பிரிவு இருக்கு. அவரு என்ன பார்த்தாருன்னு கேக்கலாம். அவரு என்ன செஞ்சாருன்னு கேக்கக்கூடாது. பேச்சு வாக்குல அவரே தான் செஞ்சத சொல்லிட்டாலும் நான் அந்த இடத்துல நோட்ட மூடணும். மொத்த கோப்பும் நாடாளுமன்றத்துக்குப் போயிரும்."

"போனா?"

"போனா தன்னூஸும் கோப்போட போயிருவான். அவங்க முடிவு சொல்ற வரைக்கும் இவன விடவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெக் மேல்கூட இல்லை, தன்னூஸ் மேல். கீழே பதினாறு பேருக்கான அறையில் நாற்பது பேரோடு நிற்கிறான். முறை வைத்துத் தூங்குகிறார்கள். இரண்டு தடவை அழைத்து, "வாக்குமூலத்த மாத்திக்கிறியா?" என்று கேட்டாகிவிட்டது. "ஒரு தடவ சொன்னா சொன்னதுதான் ஐயா" என்கிறான். போன் வரும் என்று இன்னும் காத்திருக்கிறான். மாளிகையிலிருந்து ஒரு நீதிபதிக்கு போன் வந்தால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும் என்பதுகூட அவன் மண்டையில் ஏறவில்லை. பெக்காக இருந்தவரைக்கும் அவர் ஒரு போனில் இவனை வெளியே எடுத்துவிட்டிருப்பார். ஜனாதிபதி ஆனதால் எடுக்க முடியவில்லை.

நான்காவது வாரம் வர்தே வந்தாள். தன்னூஸின் மனைவி. வாசல் காவலர்கள் இரண்டு பேரையும் வார்த்தையாலேயே தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நீதிபதியின் மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தாள். சிட்னியில் அவளுடைய அக்கா இருக்கிறாள். குடும்பத்தோடு அங்கே வந்துவிடச் சொல்லிப் பன்னிரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போதுதான் தூதரகத்திலிருந்து நேர்காணலுக்குத் தேதி வந்திருக்கிறது. செப்டம்பர் மூன்று. தன்னூஸ் கையில் குற்றமற்றவன் என்ற சான்றிதழ் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள்.

"இந்தத் தேதி போனா அடுத்தது எப்போன்னு தெரியுமா ஐயா உங்களுக்கு? என் பொண்ணுக்குக் கல்யாணமாயி பேரன் பொறந்துருப்பான்."

"உங்க புருஷன்தாம்மா ஒத்துக்கிட்டாரு. நான் என்ன பண்றது?"

"அவனா? பன்னெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன், கிளம்பலாம் கிளம்பலாம்னு. 'பெக்குக்கு யாரு வண்டி ஓட்டுவா?' இதே பதிலு. நான் செத்தா கூட 'பெக்க கொண்டுபோய் விட்டுட்டு வந்து அழுறேன்'னுவான். அவன் பேச்ச போயி எழுதி வச்சிருக்கீங்களே."

"அன்னைக்கு அவரு எங்க இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஊர்லயே இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். அடுப்புல ஆடு இருக்கும்போது அவன் கிறிஸ்து வந்து கூப்பிட்டாலும் அசைய மாட்டான். இன்னொருத்தன் கறி சுடுற கம்பியத் தொட விடமாட்டான். அவன் கையால சாப்பிட்ட எவனக் கேட்டாலும் சொல்லுவான்."

அவள் போன பிறகு நீதிபதி கோப்பையோடு ஜன்னல் பக்கம் போனார். நான் தாள்களை அடுக்கியபடியே சொன்னேன்: "கார பத்தியும் ரோட்ட பத்தியும் கேட்டாத்தான ஐயா தப்பு. கறிய பத்திக் கேக்கலாமே."

அவர் திரும்பினார். சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று சோம்புத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டார்.

மாளிகைக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஆறு நாள் ஆனது. பதில் எழுதியவர் லபீப், ஜனாதிபதியின் சட்ட ஆலோசகர். ஒரு காலத்தில் பெரிய நீதிபதி. புது நீதிபதிகளுக்குப் பாடம் எடுத்தவர், ரயீஃபுக்கும்தான். ஜனாதிபதி சாட்சியாக மட்டும் பேசுவார், அவருடைய சொந்தச் செயல் எதையும் தொடும் கேள்வி கூடாது, நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று எழுதியிருந்தார். அந்த 'நான்' என்ற சொல்லைப் பார்த்ததுமே ரயீஃபின் கை வயிற்றுக்குப் போனது.

மாளிகையில் மின்சாரம் இருந்தது, அதுவே எங்களுக்கு வினோதமாக இருந்தது. நல்ல காபி கொடுத்தார்கள். ஜனாதிபதி எழுந்து வந்து கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். கிராமத்து பெக்கின் அதே பெரிய கை. டி.வி.யில் பார்ப்பதைவிடக் களைத்திருந்தார். லபீப் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை மேசை மேல் தயாராக வைத்துக்கொண்டார். எது கூடாதோ அப்போது அது உயரும்.

நீதிபதி சத்தியம் வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு விருந்துக்கு என்ன சமைச்சீங்க ஐயா?"

லபீபின் விரல் பாதி உயர்ந்து, குழம்பி, இறங்கியது. ஜனாதிபதியின் முகம் மலர்ந்துவிட்டது. பதவி ஏற்ற நாளிலிருந்து அவரிடம் எல்லோரும் நாட்டின் கடனைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

"முழு ஆடு. பொடிசா நறுக்கின பார்ஸ்லி கீர, தக்காளி, பச்ச பாதாம் கொஞ்சம். எங்க வீட்டு அரக்."

"யாரு சுட்டது?"

"வேற யாரு, தன்னூஸ்தான். அவன் சுட்டா அது தனி. கரி மேல சாம்பல் போத்தினதுக்கப்புறம்தான் கறிய வைப்பான். அதுக்கு முன்னாடி எவனாவது கம்பிய தொட்டா கைய தட்டி விட்ருவான். என் கையையே தட்டியிருக்கான், தெரியுமா."

"எத்தன மணிக்கு அடுப்பு மூட்டினாரு?"

"பன்னெண்டுக்கு. அணைக்கும்போது அஞ்சரை."

நான் வேகமாக எழுதிக்கொண்டே போனேன். இதுவரைக்கும் கறி. அடுத்த கேள்வி கறி இல்லை என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

"இந்த நேரத்துல தன்னூஸ் அடுப்ப விட்டு எங்கயாவது போனாரா?"

விரல் உயர்ந்தது. "ரயீஃப், இது சம்பவ நேரத்த தொடுது."

"சாட்சி தான் பார்த்த இன்னொரு ஆள பத்தித்தான் சொல்லப் போறாரு ஐயா. தன்னப் பத்தி இல்ல. நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க." ரயீஃப் தன் பழைய ஆசானின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் வாக்கியத்தை முழுசாக முடித்தார்.

லபீப் ஜனாதிபதியின் பக்கம் சாய்ந்து, "பதில் சொல்லணும்னு அவசியமில்ல" என்று சொன்னார். மெல்லச் சொன்னதாக அவர் நினைப்பு. எனக்கு நன்றாகக் கேட்டது.

ஜனாதிபதி காபிக் கோப்பையைத் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"கீழ் அறையில நாப்பது பேரோட இருக்காரு ஐயா," என்றார் நீதிபதி. "நீங்க போன் பண்ணுவீங்கன்னு சொல்றாரு."

அந்த மனிதருக்கு வெட்கம் வந்தது, நான் கண்ணால் பார்த்தேன். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தது. ஜனாதிபதிகளுக்கு அது வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கம்மா. தன்னூஸ் அடுப்ப விட்டு எங்கயும் போகல. பன்னெண்டுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் அங்கயேதான் இருந்தான். நான் ஐஸ் இல்லாம திரும்பி வந்தப்போ அதே எடத்துல, கையில விசிறியோட நின்னுக்கிட்டிருந்தான்."

எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். காதில் விழுந்தது தாளில் விழுந்துவிடும், மண்டை பிறகுதான் வந்து சேரும். மண்டை வந்து சேர்ந்தபோது லபீப் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தத் தாள கிழிச்சிருங்க."

"நம்பர் போட்ட தாளுங்க ஐயா," என்றேன். "கிழிச்சா முன்னாடி பின்னாடி இருக்கிற நம்பரே காட்டிக்குடுத்துரும்."

"அப்படின்னா நோட்ட மூடுங்க. இது சாட்சியமே இல்ல, இது வேற. ரயீஃப், உங்களுக்கு அதிகாரம் முடிஞ்சுபோச்சு. கோப்பு நாடாளுமன்றத்துக்குப் போகணும்."

அவர் சொன்னது சரி, அதுதான் கொடுமை. நீதிபதியின் கை நோட்டின் அட்டை மேல் போய் நின்றது. அந்த அட்டையை மூடினால் தன்னூஸ் அதற்குள்ளே போய்விடுவான். செப்டம்பர் மூன்று வரும், போகும். ரயீஃப் என்னைப் பார்த்தார். விசாரணையில் எழுத்தர் பேசக்கூடாது. நான் மறுபடியும் பேசினேன்.

"இன்னும் படிச்சுக் காட்டல ஐயா. படிச்சுக் காட்டி சாட்சி கையெழுத்துப் போடுற வரைக்கும் இது சாட்சியம் ஆகாது. நடுவுல சாட்சி திருத்தணும்னா திருத்தலாம்."

விதி அது. லபீபே புது நீதிபதிகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி.

வாசித்தேன். ஆடு, பார்ஸ்லி, பச்சைப் பாதாம், சாம்பல் போர்த்திய கரி. வேண்டுமென்றே நிதானமாக வாசித்தேன். 'நான் ஐஸ் இல்லாம திரும்பி வந்தப்போ' என்ற இடம் வந்ததும் ஜனாதிபதி கையை உயர்த்தினார்.

"அந்த அஞ்சு வார்த்த வேண்டாம். மிச்சம் இருக்கட்டும்."

நான் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தேன். லபீப் குனிந்து பார்த்தார். "எழுத்து தெரியுது. நல்லா மை போட்டு மூடுங்க."

"மூடினா செல்லாது ஐயா. ஒரே கோடு, மெல்லிசா. அடிச்ச எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும். ஓரத்துல எத்தன வார்த்தைன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா பின்னாடி யாரோ அடிச்சாங்கன்னு ஆயிரும்."

ரயீஃப் இருமினார். அது சிரிப்பை மறைக்கும் இருமல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். லபீப் மெல்ல உட்கார்ந்தார். ஓரத்தில் எழுதினேன்: 'ஐந்து சொற்கள் நீக்கம்.' நான் கையெழுத்திட்டேன், நீதிபதி கையெழுத்திட்டார். தாளை ஜனாதிபதியின் முன்னால் திருப்பி வைத்தேன். அவர் அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்ததை ஒரு முறை படித்தார்.

"இவ்வளவு சின்னக் கோடா?"

"இவ்வளவுதாங்க ஐயா."

கையெழுத்துப் போட்டார். சட்டங்களுக்கும் தூதர் நியமனங்களுக்கும் போடுகிற அதே பெரிய கையெழுத்து. ஓரத்தில் இடம் போதவில்லை. அதன் வால் வந்து நீக்கிய சொற்களின் மேலேயே விழுந்தது.

கிளம்பும்போது லபீப் ரயீஃபிடம் கை கொடுத்தார். "யாரு வண்டி ஓட்டினதுன்னு நீங்க கேக்கவே இல்ல," என்றார்.

"கேக்கக்கூடாதுங்க ஐயா. இன்னும் ஆறு வருஷத்துக்கு," என்றார் என் நீதிபதி. திரும்பி வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். ஆனாலும் அன்று முழுக்க முகம் பளிச்சென்று இருந்தது.

மில்ஹிமுக்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்கலாம். அவனும் கேட்டான், ஊன்றுகோலோடு படியேறி வந்து கேட்டான். ஜனாதிபதியின் பதவிக்காலம் முடியட்டும், கோப்பு திறந்தேதான் இருக்கும் என்று சொன்னேன். கோப்பில் 'சந்தேக நபர்' என்ற இடத்துக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். "எனக்குத் தெரியுமே," என்றான். எனக்கும் தெரியும் என்று சொல்ல முடியாமல் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் சட்டத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

விடுதலை உத்தரவு ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி எழுதினேன். தன்னூஸை மேலே கொண்டுவந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது, அந்த மாற்றுச் சட்டையும் கிழிந்திருந்தது. வர்தே அவன் பக்கத்தில் நின்று, கடிதம் இருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாக்குமூலத்த மாத்தல," என்றான் தன்னூஸ். முதல் வார்த்தையே அது. "யாரு மாத்தினது?"

"யாரும் மாத்தல. பெக் சாட்சி சொல்லியிருக்காரு. நீ அன்னைக்கு அடுப்பு பக்கமே இருந்தேன்னு."

அவன் நம்பவில்லை. "அவரா? அவரு வாயால?"

"உட்காரு. படிச்சுக் காட்டுறேன்."

"குடுங்கக்கா, நானே படிக்கிறேன்."

நீதிபதி தலையசைத்தார், கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். கையைத் தட்டிவிட்ட இடத்தில் சிரித்தான். "அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்காரு," என்று வர்தேயிடம் சொன்னான். கண் கலங்கியிருந்தது. பிறகு விரல் அந்தக் கோட்டுக்கு வந்து நின்றது. கோட்டின் அடியில் இருந்ததைப் படித்தான், ஓரத்தில் இருந்ததைப் படித்தான், கையெழுத்தைப் பார்த்தான்.

"இத யாரு அடிக்கச் சொன்னது?"

"அவருதான்."

"வக்கீலு இல்லையே?"

"இல்ல. அவரேதான் சொன்னாரு."

தன்னூஸ் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். கசங்காமல், இரண்டு கையாலும்.

"இந்த அஞ்சு வார்த்தைய மட்டும் விட்டு வச்சிருந்தாருன்னா, இன்னும் அஞ்சு வருஷம் கூட உள்ள இருந்திருப்பேன் அக்கா. சத்தியமா."

"இருந்திருப்ப, இருந்திருப்ப," என்றாள் வர்தே. ஆனால் குரலில் சண்டை இல்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் முகத்தை ஒரு முறை கையால் துடைத்துக்கொண்டான்.

"சிட்னில வண்டி எந்தப் பக்கம் ஓட்டணும்?"

"இடது பக்கமாம்," என்றாள். "அக்கா சொன்னா."

"சரி. பழகிக்கலாம்," என்று சொல்லிவிட்டு, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று என்னிடம் கேட்டான்.